சிறு குழந்தைக்குக் கைவேலையில் ஒரு பிறந்தநாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோடு, திருப்பூர், கோவைப் பக்கத்து உறவினர்களும் எங்கள் தெருவின் இளம் தாய்மார்களும், ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தையின் பிறந்தநாள் நெருங்கும்போது என்னிடம் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே எழுதி, விடைகளைக் கீழே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன.

ஒரு வயசுக் குழந்தைக்குத் தீம் எல்லாம் என்னங்க தெரியப் போகுது?

தெரியாது. முதல் பிறந்தநாளில் குழந்தைக்குத் தெரிவதெல்லாம் வீட்டில் வழக்கத்தைவிட ஆள் அதிகம் என்பது மட்டும்தான். தீம் என்பது குழந்தைக்காக வைப்பதைவிட வாங்குபவருக்காக வைப்பது என்றே நான் கருதுகிறேன். ரயில் என்று முடிவு செய்துவிட்டவர் ஃபேன்ஸி கடைக்குள் நுழைந்தால், பளபளக்கும் சரிகைத் திரைகளையும் நட்சத்திரத் தொங்கல்களையும் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வெளியே வருவார். எதையும் முடிவு செய்யாதவர் ஒவ்வொன்றிலும் ஒரு பாக்கெட் வாங்கி வருவார்.

இரண்டு வயது நிரம்பும் குழந்தை அப்படியல்ல. அது எதைக் கண்டால் கை நீட்டிப் பெயர் சொல்கிறதோ, அதையே தீமாக எடுத்துக்கொள்ளலாம். அது ஆட்டுக்குட்டியாக இருக்கலாம், டிராக்டராக இருக்கலாம், காக்கையாகக்கூட இருக்கலாம். விண்வெளி, கடலடி உலகம் போன்றவை பெரியவர்களின் கண்ணுக்கு அழகாகத் தோன்றினாலும், அவற்றை அந்தக் குழந்தை ஒரு நாளும் பார்த்ததில்லை.

எவ்வளவு பணம் எடுத்து வெக்கணுமுங்க?

செலவைத் தீர்மானிப்பது அலங்காரம் அல்ல, தலைக்கணக்கு. இருபது பேர் வரும் வீட்டு நிகழ்ச்சிக்கு 3,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், சாப்பாட்டுக்கு 1,800, கேக் செய்யும் பொருள்களுக்கு 300, அலங்காரத்துக்கு 400, ரிட்டர்ன் கிஃப்டுக்கு 300, கடைசி நேரச் செலவுக்கு 200 என்று பிரித்துக்கொள்ளலாம். அழைப்பு நாற்பது பேராக உயர்ந்தால் சாப்பாட்டுச் செலவு இரட்டிப்பாகும். அலங்காரம் அதே 400 ரூபாயில் நிற்கும். ஆகவே பணத்தை மிச்சப்படுத்த விரும்புபவர் தோரணத்தை வெட்டுவதற்கு முன்பு அழைப்புப் பட்டியலை வெட்ட வேண்டும்.

ஒருத்தரைக் கூப்பிட்டு ஒருத்தரை விட்டா வருத்தப்படுவாங்களே, என்னங்க பண்றது?

பங்காளிகளில் ஒருவரை அழைத்துவிட்டு இன்னொருவரை விடுவதுதான் வருத்தத்தை உண்டாக்கும். யாரையுமே அழைக்காமல் வீட்டளவில் வைத்துக்கொண்டால் ஒருவரும் குறை சொல்வதில்லை. அப்பாரு, அப்பத்தா (அப்பாவின் பெற்றோர்), அப்பச்சி, அம்மிச்சி (அம்மாவின் பெற்றோர்), தாய்மாமன், அத்தை ஆகியோரோடு அக்கம்பக்கத்துக் குழந்தைகள் நான்கைந்து பேர் என்று கோடு போட்டுக்கொண்டு, அந்தக் கோட்டை எல்லோருக்கும் ஒரே மாதிரி கடைப்பிடிக்க வேண்டும். மற்ற உறவினர்களின் வீட்டுக்கு அடுத்த வாரத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு நடை போய்வந்தால் போதும்.

நம்ம ஊருப் பக்கம் பொருந்தற மாதிரி, கையிலயே செய்யக்கூடிய தீம் எதாச்சும் சொல்லுங்க.

எனக்கு மிகவும் பிடித்தது தோட்டம்தான். கிணறு, தென்னை, ஆடு, எருமை, கோழி, பட்டி, வைக்கோற்போர் ஆகியவை கொங்கு நாட்டுக் குழந்தைக்குப் படத்தில் மட்டுமல்லாமல் அப்பச்சி வீட்டிலும் இருப்பவை. அட்டையில் வெட்டும் காளையைக் காங்கயம் காளையாகவே செய்யலாம்: உடல் சாம்பல் கலந்த வெள்ளை, திமிலும் கழுத்தும் அடர்ந்த கருஞ்சாம்பல். அதன் பக்கத்தில் நிற்கும் கன்றுக்குச் செம்பழுப்பு வண்ணம் தீட்ட வேண்டும். காங்கயம் கன்று அந்த நிறத்தில்தான் பிறக்கும், ஏறத்தாழ ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும். மாடு வளர்த்த தாத்தா ஒருவர் வீட்டில் இருந்தால், அந்தக் கன்றைப் பார்த்தவுடன் அவரே குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பேசத் தொடங்கிவிடுவார்.

இரண்டாவது மலை ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-இலும் உதகை வரை 1908-இலும் ஓடத் தொடங்கி, 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற அந்த ரயிலைக் கோவைப் பக்கத்துக் குழந்தைகள் பலர் நேரிலேயே பார்த்திருப்பார்கள். அதை எப்படிச் செய்வது என்பதை அடுத்த விடையில் விரிவாக எழுதியிருக்கிறேன்.

நேரமே இல்லாதவர்களுக்கு மூன்றாவது வழி, ஒரே நிறத்தைத் தீமாக வைப்பது. மஞ்சளுக்குப் பேர்போன ஈரோட்டில் மஞ்சள் நிறத்தை எடுத்துக்கொண்டால், சாமந்தி, வாழைப்பழம், எலுமிச்சை சாதம், மஞ்சள் சேலையில் ஒரு பின்திரை, மஞ்சள் துணிப்பை என்று பாதிப் பொருள்கள் வீட்டுக்குள்ளிருந்தே வந்துவிடும்.

அட்டைப்பெட்டியில ரயில் செய்யறது எப்படீங்க? குழந்தை உள்ளே உக்கார முடியுமுங்களா?

உட்கார முடியும், உட்கார முடியாத ரயில் வெறும் படமாகிவிடும். மளிகைக் கடையில் கிடைக்கும் பிஸ்கட், சோப்புப் பெட்டிகளில் ஓரளவு பெரியவை மூன்றோ நான்கோ போதும். மேல்மூடிகளை வெட்டி எடுத்துவிட்டு, அந்தத் துண்டுகளையே சக்கரங்களாக வட்டமாக நறுக்கிக்கொள்ளலாம். பெட்டியின் மேல்பாதிக்கு இளமஞ்சள், கீழ்ப்பாதிக்கு நீலம் என்று சார்ட் பேப்பர் ஒட்டினால் மலை ரயிலின் நிறம் வந்துவிடும். வெட்டிய விளிம்புகள் பிஞ்சுக் கையைக் கீறும் என்பதால் விளிம்பு முழுவதும் துணிப்பட்டை ஒட்டுவது அவசியம். ஸ்டேப்ளர் பின், குண்டூசி ஆகியவற்றை எந்த இடத்திலும் பயன்படுத்தக் கூடாது.

எஞ்சினை முன்னால் வைக்காமல் பின்னால் வையுங்கள். மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையில் மலை ஏறும்போது எஞ்சின் கடைசியில் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டுதான் போகிறது. கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களின் நடுவிலுள்ள பல்சட்டத்தைப் பல்சக்கரம் கவ்வி ஏறுகிறது. வருகிறவர்களில் ஒருவராவது 'எஞ்சினை ஏன் பின்னால் வைத்தீர்கள்' என்று கேட்பார், அங்கிருந்து பேச்சு தொடங்கும். புகைபோக்கிக்குப் பனியன் கம்பெனிகளில் நூல் தீர்ந்த பிறகு மிஞ்சும் காகிதக் கோன் ஒன்றைக் கவிழ்த்து ஒட்டினால் போதும்.

நிலையப் பலகைகள் மஞ்சள் தாளில் கறுப்பு எழுத்தாக இருக்கட்டும். வாசலில் மேட்டுப்பாளையம், கூடத்தில் கல்லாறு, சாப்பிடும் இடத்தில் குன்னூர், கேக் வைக்கும் மேசையில் உதகமண்டலம் என்று ஒட்டிவிட்டால், வீடு முழுவதும் ஒரே பாதையாகிவிடும். வேறு அலங்காரம் தேவைப்படாது.

அட்டை, துணி எல்லாம் சும்மா கிடைக்கற இடம் எங்கீங்க இருக்கு?

திருப்பூரில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. பனியன் கம்பெனிகளில் வெட்டி மிஞ்சும் கழிவுத்துணி மூட்டை மூட்டையாக எடைக்கு விற்பனையாகிறது. தெரிந்தவர் ஒருவர் அங்கே வேலை செய்தால் ஒரு பை துணி கேட்டு வாங்கலாம். பனியன் துணியை விரலளவு பட்டைகளாகக் கத்தரித்து இழுத்தால் அதன் ஓரம் தானாகச் சுருண்டு கயிறாகிவிடும், தைக்க வேண்டியதில்லை. அந்தக் கயிற்றில் துணிப்பட்டைகளை முடிச்சிட்டுத் தொங்கவிட்டால் தோரணம் ஆயிற்று. கரூர், சென்னிமலைப் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் போர்வை, படுக்கை விரிப்புத் துண்டுகள் கிடைக்கும். மற்ற ஊர்களில் தையல்கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் வெட்டுத் துண்டுகளைச் சேர்த்து வைப்பார்.

தாள் மலிவு என்று எண்ணிப் பலர் கிரேப் பேப்பரை வாங்குகிறார்கள். குழந்தையின் எச்சில் பட்டால் அதன் சாயம் இறங்கி வாயெல்லாம் நிறமாகிவிடும். எட்டாத உயரத்தில் தொங்கவிடுவதாக இருந்தால் மட்டும் அதை வாங்கலாம்.

பசைக்கு ஃபெவிகால் நிறைய ஆகுதுங்க. மைதாவுல காய்ச்சலாமா?

தாளுக்கும் மெல்லிய அட்டைக்கும் மைதாப் பசையே போதும். ஒரு பங்கு மைதாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மொத்தம் ஐந்து பங்கு தண்ணீர் வரும்படி சேர்த்து, சிறு தீயில் கிளறிக்கொண்டே இருந்தால் கண்ணாடி போல் இறுகும்போது இறக்கிவிடலாம். சுவரொட்டி ஒட்டுபவர்கள் பூச்சி வராமலிருக்க இதில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்ப்பதுண்டு. அது நஞ்சு என்பதால் குழந்தை தொடும் பொருளுக்கு வேண்டவே வேண்டாம். மயில்துத்தம் இல்லாத பசை இரண்டு நாளில் புளித்துவிடும், அன்றன்றைக்குக் காய்ச்சிக்கொள்ளுங்கள். தடித்த அட்டைகளை இணைக்கும் இடத்தில் மட்டும் ஃபெவிகாலைப் பயன்படுத்துங்கள்.

எங்க அப்பத்தா பேப்பர்க்கூழுல கூடை செய்வாங்க. அந்த மாதிரி யானை, மாடு செய்ய முடியுமுங்களா?

முடியும், ஆனால் நாள் கணக்குப் பார்த்துத் தொடங்க வேண்டும். செய்தித்தாளைக் கிழித்து இரவு முழுவதும் ஊறவைத்து, ஊறிய வெந்தயத்தோடு சேர்த்து ஆட்டி, ஒரு கிண்ணத்தின் மேலோ கட்டிய துணிப்பந்தின் மேலோ அப்பி, நிழலில் ஒரு நாளும் வெயிலில் இரண்டு மூன்று நாளும் காயவைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் இது காயாமல் பூசணம் பிடிக்கும் என்பதால், அந்த மாதங்களில் பிறந்த குழந்தைகளின் வீட்டார் அட்டையோடு நின்றுகொள்வது நல்லது.

பலூன் இல்லாம பிறந்தநாளுங்களா?

மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகள் உள்ள இடத்தில் ரப்பர் பலூனை நான் பரிந்துரைப்பதில்லை. உடைந்த பலூனின் துண்டு தொண்டையில் ஒட்டிக்கொண்டால் மூச்சுக்குழாயை முழுவதுமாக அடைத்துவிடும். முதுகில் தட்டினாலும் எளிதில் வெளிவராது. கட்டாயம் வேண்டும் என்றால் கூரையோரத்தில் கட்டிவிட்டு, நிகழ்ச்சி முடிந்தவுடன் பெரியவர் ஒருவரே அவிழ்த்து அப்புறப்படுத்த வேண்டும். தெருவில் விற்கும் பறக்கும் பலூன்களில் எளிதில் தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் நிரப்பப்பட்டிருக்கலாம். மெழுகுவர்த்தி ஏற்றும் வீட்டுக்குள் அவற்றைக் கொண்டுவராதீர்கள். முகத்தில் பீய்ச்சும் பனி ஸ்பிரேயும் அப்படித்தான், தீப்பட்டால் பற்றிக்கொள்ளும்.

பலூனுக்கு மாற்றாகக் கழிவுத்துணியை உருட்டிப் பெரியவர் கைமுட்டி அளவுக்குப் பந்துகள் கட்டுங்கள். எந்தப் பொருளும் குழந்தையின் வாய்க்குள் போகும் அளவுக்குச் சிறியதாக இருக்கக் கூடாது. பொம்மைச் சோதனையில் இதற்கென்று 31.7 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள ஓர் உருளை இருக்கிறது, அதற்குள் முழுவதுமாக அடங்கிவிடும் பொருளை மூன்று வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் தருவதில்லை. பொத்தான், மணி, ஜிகினா ஆகியவை இந்தக் கணக்கில் அடிபட்டுப் போகின்றன. பொத்தான் பேட்டரி போட்ட சின்ன விளக்குச் சரங்கள் இன்னும் மோசம்: விழுங்கிய பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடக் கூடியது.

தெர்மகோல்ல பேரு வெட்டி வெச்சா அழகா இருக்குமே?

அழகாக இருக்கும், ஆனால் அலங்காரத்துக்கான தெர்மகோலும் பலூனுக்கான பிளாஸ்டிக் குச்சியும் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டவை. தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் தட்டு, தெர்மகோல் குவளை, பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு, உறிஞ்சுகுழல் ஆகியவற்றுக்கு 2019 ஜனவரி 1 முதலே தடை இருக்கிறது. கடையில் கிடைக்கிறது என்பது அனுமதிக்கு அடையாளம் ஆகாது. தெர்மகோலைக் கடித்தால் சிறு உருண்டைகளாக உதிரும் என்பதால், தடை இல்லாவிட்டாலும் இந்த வயதுக்கு அதை நான் வைக்கமாட்டேன். பெயரைத் தடித்த அட்டையில் வெட்டித் துணி சுற்றினால் போதும். சாப்பாட்டுக்கு வாழையிலையும் பாக்குமட்டைத் தட்டும் இருக்கின்றன.

பூவுல தோரணம் கட்டலாமுங்களா? வீட்டைச் சுத்தி அரளி நிறைய இருக்குது.

சாமந்தி, மல்லிகை, வாடாமல்லி, மாவிலை, தென்னங்கீற்று எல்லாம் சரி. அரளியும் பொன்னரளியும் கூடாது. அவற்றின் இலை, பூ, காய் என்று எல்லாப் பகுதியிலும் நஞ்சு உண்டு, கையில் கிடைத்ததை வாயில் வைக்கும் குழந்தை இருக்கும் இடத்தில் அவை தரையில் உதிர்ந்து கிடக்கக் கூடாது.

அலங்காரத்தை எந்த உயரத்துல வெக்கறதுங்க?

ஒரு வயதுக் குழந்தை ஏறத்தாழ 75 சென்டிமீட்டரும் மூன்று வயதுக் குழந்தை ஏறத்தாழ 95 சென்டிமீட்டரும் உயரம் இருக்கும். நாம் ஏணி போட்டுக் கட்டும் தோரணம் அவர்களின் கண்ணில் படுவதே இல்லை. ஆகவே முக்கியமான உருவங்களைத் தரையிலிருந்து இரண்டு மூன்று அடிக்குள் வையுங்கள். எட்டும் உயரத்தில் இருப்பதைக் குழந்தை பிய்க்கும். பிய்த்தாலும் தீங்கில்லாத பொருள்களாக அவை இருக்க வேண்டும் என்பதால்தான் பலூன் பற்றிய விடையில் அவ்வளவு எழுத நேர்ந்தது. கயிறுகள் ஒரு சாணுக்கு மேல் தொங்கவும் கூடாது, கண்ணியாக முடிந்திருக்கவும் கூடாது. ஒளிப்படத்திலும் இந்த உயரமே கைகொடுக்கும்: எடுப்பவர் தரையில் அமர்ந்து, சன்னல் வெளிச்சம் குழந்தையின் முகத்தில் விழும்படி எடுத்தால் பின்திரையே தேவையில்லை.

எத்தனை மணிக்கு வெச்சாக் குழந்தை அழாம இருக்கும்?

பகல் தூக்கம் முடிந்த பிறகு. பெரும்பாலான குழந்தைகளுக்கு மாலை நாலரை முதல் ஆறு மணி வரை பொருந்தும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நீட்ட வேண்டாம். தாமதமாக வரும் உறவினருக்காகக் கேக் வெட்டுவதைத் தள்ளிப்போட்டால், கேக்கை அழுகிற குழந்தையோடுதான் வெட்ட வேண்டியிருக்கும்.

சாப்பாட்டுக்கு என்ன செய்யறதுங்க? சமையல்காரர் வைக்க வசதி இல்லை.

அரிசியும் பருப்பும் சாதம் இருக்கும்போது சமையல்காரர் எதற்கு? நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், தக்காளி, பூண்டு, சீரகம், தேங்காய்; கூடவே தயிர், அப்பளம், ஊறுகாய். ஒரு கிலோ அரிசி எட்டு முதல் பத்துப் பேருக்கு வரும். குழந்தைகளுக்கு அதே சாதத்தில் மிளகாய் சேர்க்காமல் தனியாக ஒரு குக்கர் குழைவாக வைத்து நெய் விட்டால் முடிந்தது. மாலைச் சிற்றுண்டியாக மட்டும் வேண்டும் என்றால் தேங்காய்ப்பாலோடு சந்தகை (இடியாப்பம் போன்றது) வைக்கலாம், ஆனால் பிழிய ஆள் வேண்டும். ஒப்புட்டு, கச்சாயம் போன்றவற்றில் ஏதேனும் ஒன்றைப் பெரியவர்களுக்கு இனிப்பாக வைத்தால் போதும்.

முழு நிலக்கடலை, பாப்கார்ன், முழுத் திராட்சை, கெட்டி மிட்டாய் ஆகியவற்றைக் குழந்தைகள் கைபடும் தட்டில் வைக்கக் கூடாது, தொண்டையில் சிக்கும். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கலாம். வரும் குழந்தைகளில் யாருக்கேனும் முட்டை, பால், கடலை ஒவ்வாமை உண்டா என்று அழைக்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

கேக்குல சர்க்கரைக்குப் பதிலா நாட்டுச் சர்க்கரை போட்டாக் குழந்தைக்குக் கொடுக்கலாமுங்களா?

கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையின் மணத்துக்கு நான் எதிரி அல்ல. ஆனால் அதுவும் சர்க்கரைதான். இரண்டு வயது வரை சர்க்கரை மிகுந்த உணவுகளைத் தவிர்க்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட குழந்தை உணவு வழிகாட்டுதல் சொல்கிறது. தேனை ஒரு வயது நிறைவதற்கு முன் துளிகூடத் தரக் கூடாது. அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிரி வித்துகள் அந்த வயதுக் குடலில் நஞ்சை உண்டாக்கும்.

எனவே இரண்டு கேக் செய்யுங்கள். பிறந்தநாள் குழந்தைக்குக் கனிந்த வாழைப்பழமும் கேழ்வரகு மாவும் சேர்த்துச் சிறிய கிண்ணத்தில் வேகவைத்த ஒன்று. மற்றவர்களுக்கு நாட்டுச் சர்க்கரை போட்ட பெரியது. அடுப்பறையில் ஓவன் இல்லாவிட்டால் தடித்த குக்கரில் கேஸ்கட்டையும் விசிலையும் எடுத்துவிட்டு, அடியில் ஒரு தாங்கி வைத்து, தண்ணீர் ஊற்றாமல் சிறு தீயில் வைத்தால் வெந்துவிடும். ரயில் தீம் என்றால் சதுரமாக வெட்டிய துண்டுகளை வரிசையாக அடுக்கினாலே பெட்டிகள் ஆகிவிடும். க்ரீம் பூசக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

என்ன விளையாட்டு வெக்கறதுங்க? போட்டி வெச்சுப் பரிசு கொடுக்கலாமா?

இந்த வயதில் குழந்தைகள் சேர்ந்து விளையாடுவதைவிட அருகருகே தனித்தனியாக விளையாடுவதே அதிகம். போட்டி வைத்தால் தோற்ற குழந்தையும் அழும், ஏன் தூக்கி வைத்திருக்கிறார்கள் என்று புரியாமல் வென்ற குழந்தையும் அழும். தரையில் பவானி ஜமக்காளத்தை விரித்து, துணிப்பந்துகளை வாளியில் போட்டு எடுக்க விடுங்கள், பெட்டி ரயிலில் உட்கார வைத்து மெதுவாக இழுத்துச் செல்லுங்கள், பெரிய பெட்டி ஒன்றின் இரு பக்கமும் திறந்துவிட்டு மலை ரயிலின் குகையாக ஊர்ந்து போகச் செய்யுங்கள். வாளித் தண்ணீர் விளையாட்டு வைப்பதானால் ஒரு பெரியவர் கையெட்டும் தூரத்திலேயே கடைசிவரை இருக்க வேண்டும். சில அங்குலத் தண்ணீரிலும் குழந்தை மூழ்கக்கூடும்.

ரிட்டர்ன் கிஃப்ட் கட்டாயமுங்களா?

கட்டாயமில்லை, ஆனால் கொடுக்காமல் அனுப்ப மனம் வராதவர்களே அதிகம். துணிப்பந்து ஒன்றும் துணிப்பை ஒன்றும் போதும். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கிய பிறகு மஞ்சள் பை கொடுப்பதைச் சிக்கனம் என்று யாரும் இளக்காரமாகப் பார்ப்பதில்லை. பிளாஸ்டிக் பொம்மைகள் அடங்கிய மலிவுப் பாக்கெட்டை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் முன், மேலே சொன்ன உருளை அளவை நினைவுகூருங்கள்.

மொட்டை அடிச்சுக் காது குத்தற அன்னைக்கே பிறந்தநாளையும் வெச்சுட்டா ஒரே செலவுங்களே?

கணக்கில் அப்படித் தோன்றும். குலதெய்வக் கோயிலில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்து மொட்டையடித்துக் காது குத்தும் நிகழ்ச்சிக்குச் சீரும் விருந்தும் உண்டு, பங்காளிகள் அனைவரையும் அழைத்தாக வேண்டும். மேலே போட்ட கோடு அங்கே செல்லாது. காது வலியோடு, புது மொட்டையில் சந்தனத்தோடு இருக்கும் குழந்தையை மாலையில் மறுபடி உடைமாற்றிக் கேக்கின் முன் நிறுத்துவது அதற்கும் நல்லதல்ல, பெற்றோருக்கும் நல்லதல்ல.

பல வீடுகளில் நட்சத்திரப் பிறந்தநாளும் தேதிப் பிறந்தநாளும் வேறு வேறு நாளில் வருகின்றன. நட்சத்திரத்தன்று கோயில், தேதியன்று மாலை வீட்டில் ரயில் என்று பிரித்துக்கொண்டால் பெரியவர்களுக்கும் மனக்குறை வராது. குடும்பம் ஒரே நாளில்தான் என்று உறுதியாக இருந்தால், கோயில் மர நிழலில் பெட்டி ரயிலை மட்டும் கொண்டுபோய் வைத்துவிட்டு, வேறு எதையும் செய்யாதீர்கள்; விருந்து பரிமாறி முடியும்வரை சிறுவர்கள் அங்கே இருப்பார்கள்.

மொட்டை மாடியில வெச்சா இடம் தாராளமா இருக்குமே?

மாசி, பங்குனியில் தாராளமாக வைக்கலாம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கத்தில் சும்மா விடாது. அம்மியே பறக்கும் என்று சொல்லப்படும் காற்றில் அட்டை எருமை நிற்குமா? அந்த மாதங்களில் கூடத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். மாடியில் வைப்பதாக இருந்தால் கைப்பிடிச் சுவரின் அருகே நாற்காலி, பெட்டி என எதையும் போடாதீர்கள், குழந்தைகள் ஏறிவிடுவார்கள்.

மண்டபத்துல வெக்காம வீட்டுல அட்டையை ஒட்டி வெச்சிருக்கறாங்கன்னு பேச மாட்டாங்களா?

சிலர் பேசுவார்கள். செய்யும் வேலையில் அவர்களுக்கும் ஒரு பங்கு கொடுத்துவிட்டால் பெரும்பாலும் அந்தப் பேச்சு வருவதில்லை. தோரணம் முடிச்சிட ஒரு பெரியம்மாவையும், சக்கரம் வெட்ட ஒரு மாமாவையும் முந்தைய ஞாயிறு வரச் சொல்லுங்கள். அதன் பிறகு வருகிறவர்களிடம் அதைப் பற்றிப் பெருமையாகச் சொல்பவர்கள் அவர்களாகவே இருப்பார்கள். அதையும் மீறிப் பேசுபவருக்காக மண்டபத்துக்குக் கடன் வாங்குவது நியாயமாகாது.

எங்க பையனுக்கு டிவியில வர்ற பொம்மைதான் வேணுமாம். அதைக் கையில செய்ய வருமுங்களா?

உருவத்தை வரைய முயலாதீர்கள். சற்றுப் பிசகினாலும் குழந்தை 'இது அது இல்லை' என்று சொல்லிவிடும். அந்தப் பாத்திரத்தின் இரண்டு நிறங்களையும், அதனோடு எப்போதும் வரும் ஒரு பொருளையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தொப்பியோ வண்டியோ சரியாக அமைந்துவிட்டால் குழந்தைக்கு அதுவே போதும். செலவு ஒரு நிறத்தைத் தீமாக வைப்பதற்கு ஆகும் அளவுதான்.

தம்பிக்குச் செய்யறதைப் பார்த்து மூத்தவ அழுகறாளுங்க.

அவளுக்குச் சலுகையாக ஒரு பரிசு வாங்கிக் கொடுப்பதைவிடப் பொறுப்பான ஒரு வேலையைக் கொடுப்பது நல்லது. ரயில் தீமில் பச்சைக் கொடி, சிவப்புக் கொடி, விசில் மூன்றையும் அவளிடம் கொடுத்து, அவள் கொடி காட்டினால்தான் ரயில் புறப்படும் என்று எல்லோரும் கடைப்பிடிக்க வேண்டும். தோட்டத் தீமில் ஆடு மாடுகளைப் பட்டியில் அடைக்கும் வேலை அவளுடையது. நான்கு வயதுக்கு மேற்பட்டவளாக இருந்தால் ஒரு வாரம் முன்பிருந்தே வண்ணம் தீட்டவும் விடலாம். கோடு தாண்டித்தான் தீட்டுவாள், திருத்தாதீர்கள்.

எல்லாரும் கைதட்டிப் பாடுனாக் குழந்தை பயந்து வீறிடுது. கேக் வெட்டறதையே விட்டறலாமா?

விட்டுவிடலாம், தவறில்லை. வேண்டும் என்பவர்கள் எல்லோரும் தரையில் அமர்ந்து, கைதட்டாமல் மெல்லிய குரலில் பாடினால் பெரும்பாலான குழந்தைகள் அமைதியாக இருந்துவிடும். நின்றபடி சூழ்ந்துகொள்ளும் கூட்டத்தைக் கண்டுதான் பயம் வருகிறது. மெழுகுவர்த்திக்குப் பதில் குத்துவிளக்கைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் ஏற்றிவைத்து, அப்பத்தா ஆரத்தி எடுத்தால் அதுவே நிறைவாக இருக்கும். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு கலந்திருப்பதால் கண்ணில் தெறிக்காமல் தள்ளி வைக்க வேண்டும், முடிந்தவுடன் வெளியே கொட்டிவிட வேண்டும்.

முந்தின நாள் ராத்திரி காய்ச்சல் வந்துருச்சுன்னா என்னங்க பண்றது?

தள்ளிவையுங்கள். மண்டபமும் சமையல்காரரும் இல்லாததால் முன்பணம் எதுவும் போகப் போவதில்லை. அட்டையும் துணியும் இன்னும் ஒரு மாதம் கூட அப்படியே இருக்கும், தரையில் வைக்காமல் பரண்மேல் ஏற்றிவிட்டால் கரையானும் அண்டாது. இதற்காகவே சாதத்துக்கான காய்கறியையும் தயிரையும் அன்று காலையில்தான் வாங்க வேண்டும், கேக்கையும் அன்றுதான் வேகவைக்க வேண்டும். வாங்கி வைத்த பூவைச் சாமி படத்துக்குச் சாத்திவிட்டு, வருகிறவர்களுக்கு இரவே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். சளியும் காய்ச்சலுமாக இருக்கும் குழந்தை இன்னொரு வீட்டில் இருந்தால் அவர்களும் வராமலிருப்பதே நல்லது என்பதை அழைக்கும்போதே தயங்காமல் சொல்லிவைக்கலாம். புதிய நாளைப் பகல் தூக்கத்தையும் காற்றையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நிலையப் பலகைகளில் தேதி எழுதியிருந்தால் மட்டும் ஒரு மஞ்சள் தாள் கூடுதலாகச் செலவாகும்.